கேபிளில் வந்த செய்முறை, கப்பலில் வந்த சீஸ்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் அங்கிருந்து மற்ற சில தீவுகளுக்கும் கடலடியில் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்கு ஒரு கண்ணாடி இழைக் கேபிள் போகிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அது தொடங்கிவைக்கப்படும் வரை அந்தமானில் இன்டர்நெட் என்பது செயற்கைக்கோளின் தயவு. ஒரு புகைப்படம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்பார்கள். இப்போது நிலைமை வேறு. தென் அந்தமானில் ஒரு பாக்குத் தோட்டத்தின் ஓரம் இருக்கும் தகரக்கூரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒரு வெளிநாட்டுச் சமையல்காரர் கனமான இறைச்சித் துண்டைக் கத்தியால் பிளந்து, உள்ளே சீஸ் திணித்து, புகை எழும் இரும்புச் சட்டியில் போட்டு வாட்டுவதைத் தடங்கலின்றிப் பார்க்க முடிகிறது.

பார்ப்பது எளிது. செய்வதற்கு இறைச்சி வேண்டும், சீஸ் வேண்டும், காஸ் வேண்டும். இவற்றில் கேபிள் வழியாக வரக்கூடியது எதுவும் இல்லை. சீஸும் காஸும் கடல்தாண்டி வரவேண்டியவை. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,200 கி.மீ. கப்பல் வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், கடல் அமைதியாக இருந்தால்.

சௌல்தாரி என்ற அந்த ஊர், தலைநகருக்கு மேற்கே இருக்கிறது. தலைநகரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. ஆனால் பஸ்ஸிலும் கடையிலும் போர்ட் பிளேர் என்றோ, வெறுமனே பிளேர் என்றோதான் இன்னமும் காதில் விழுகிறது. நகரத்தின் சந்தடி அடங்கியதும் சாலை வளைந்து ஏறி இறங்குகிறது. இரண்டு பக்கமும் தென்னை, பாக்கு, இடையிடையே வாழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் பூமி. பச்சை நிறத்துக்குப் பஞ்சமே இல்லை.

சோல்தாரி என்றால் இந்தியில் சிறு கூடாரம். சிப்பாய்களும் முகாமிடுபவர்களும் பயன்படுத்துகிற, இரண்டு கம்பு நட்டு மேலே துணி போர்த்தும் எளிய கூடாரம். 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இந்தச் சொல்லை ஆங்கில வடிவில் பதிவு செய்திருக்கிறது. சௌல்தாரி என்ற ஊர்ப்பெயரைக் கேட்கும்போது இந்தக் கூடாரம் நினைவுக்கு வராமல் இருக்காது. பொருத்தமும் இருக்கிறது. தென் அந்தமானில் இன்று வாழ்பவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் எங்கிருந்தோ வந்து கூடாரம் அடித்தவர்களின் வாரிசுகள்தான்.

1858 மார்ச்சில் முதல் கைதிகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். 1918 வாக்கில் காடு வெட்டுவதற்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து பழங்குடித் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களுக்கு இன்றும் 'ராஞ்சி' என்றே பெயர். 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு மலபாரிலிருந்து தண்டனை பெற்றவர்கள் வந்தார்கள். 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்கள். பிறகு பிழைப்புத் தேடித் தமிழர்கள், தெலுங்கர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்தத் தீவுகளிலும் 3,80,581 பேர். தாய்மொழி வங்காளம் என்று சொன்னவர்கள் 28 சதவீதத்துக்கு மேல், தமிழ் என்று சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது அந்தமானுக்கே உரிய ஒரு இந்தியில். அதில் ஆண்பால் பெண்பால் இலக்கணத் தொல்லையெல்லாம் அதிகம் கிடையாது.

நான் போன வீடு ஒரு தமிழ் வீடு. வீட்டுக்காரம்மாவின் அப்பா அறுபதுகளில் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்குக் கப்பலேறியவர். அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். மகன் ஸ்வராஜ் த்வீப்பில் (2018 வரை ஹேவ்லாக்) ஒரு சுற்றுலா ஓட்டலின் சமையலறையில் வேலை செய்கிறான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சீசன். மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவான். வரும்போது அங்கே பார்த்த ஏதாவது ஒரு ஐட்டத்தை வீட்டில் செய்து காட்டுவது வழக்கம். இந்த முறை அவன் பிடிவாதமாகக் கேட்டது சீஸ் வைத்த ஸ்டேக்.

"ஓட்டல்ல வெள்ளைக்காரங்க கேப்பாங்க, நாங்க இல்லேம்போம். இருக்கிறத வச்சு வீட்டுல செய்ய முடியுமான்னு பாக்கணும்" என்றான். தன் லட்சியம் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை என்பதையும் சொன்னான். அவனுக்கு இது வெறும் நாக்கு ருசி விவகாரம் இல்லை. இந்தத் தீவில் கிடைப்பதை வைத்து வெளியூர்க்காரன் கேட்பதைக் கொடுக்க முடிந்தால், சீசன் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஸ்டேக் என்ற சொல்லின் மூலம் பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் இருக்கிறது. குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி என்ற பொருள். இன்று அது பெரும்பாலும் மாட்டின் முதுகுத் தசையிலிருந்து குறுக்காக வெட்டிய கனமான துண்டைக் குறிக்கும். உள்ளே எதையாவது திணிப்பதும் உலகத்தில் புதிய விஷயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஸ்டேக்கைப் பிளந்து சிப்பி திணிப்பார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் இரண்டு மெல்லிய கன்றிறைச்சித் துண்டுகளுக்கு நடுவே பன்றித்தொடையும் சீஸும் வைத்து, ரொட்டித்தூள் ஒற்றிப் பொரிப்பார்கள். அதன் பெயர் கச்சோப்போ.

சௌல்தாரியில் முதல் கேள்வியே எந்த இறைச்சி என்பதுதான். அந்த வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதில்லை. ஆட்டுக்கறி கிடைக்கும், ஆனால் எலும்போடு குழம்புக்கு வெட்டியதுதான். ஸ்டேக்குக்கு ஆகாது. பன்றிக்கறி ராஞ்சி வீடுகளிலும் நிகோபாரிகள் வீடுகளிலும் விசேஷம். இந்த அடுப்பில் ஏறாது. பிரிட்டிஷ்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் காட்டில் பெருகிக் கிடக்கின்றன. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைத் தொடக்கூடாது. மிஞ்சியது பிராய்லர் கோழியும் மீனும்.

மகன் மீன் என்றான். அதிலும் கேரை என்றான். குமரி மாவட்ட மீனவர்கள் கேரை என்று சொல்லும் மஞ்சள்துடுப்புச் சூரை, மீன்களில் ஒரு தனி ஜாதி. அது நீந்துவதை நிறுத்தவே முடியாது. வாயைத் திறந்தபடி முன்னேறிக்கொண்டே இருந்தால்தான் செவுள்களுக்குப் போதிய தண்ணீர் போகும், மூச்சு ஓடும். ஓயாமல் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் வேண்டும். அதைச் சேமித்துவைக்கும் மயோகுளோபின் என்ற நிறமிதான் அதன் சதையைச் சிவப்பாக்குகிறது. மாட்டிறைச்சியைச் சிவப்பாக்குவதும் அதே நிறமிதான். முள் நீக்கி நான்கு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிவைத்த கேரைத் துண்டைப் பார்க்கும் புதியவர், கறிக்கடையிலிருந்து வந்தது என்றே நினைப்பார்.

போர்ட் பிளேரின் ஜங்லிகாட் மீன்துறையிலிருந்து காலையில் வாங்கி, ஐஸில் புதைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். ஐஸ் விஷயத்தில் அந்த அம்மா கறாராக இருந்தார். "சூரையை வெயில்ல போட்டா நாக்கு அரிக்கும், மூஞ்சி செவந்துபோகும் தம்பி" என்றார். அவர் சொன்னது விஞ்ஞானப்படி முற்றிலும் சரி. சூரை வகை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர்ச்சி குறைந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உருவான ஹிஸ்டமின் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. ஆகவே இந்த மீனைப் பொறுத்தவரை சமையல் அடுப்பில் தொடங்குவதில்லை, படகிலேயே தொடங்கிவிடுகிறது.

இறைச்சிப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்த பிரச்சினை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாளை இவர்கள் 'மாஷி' என்று அழைக்கிறார்கள். மாஷிக்கு எழுபது வயது இருக்கும். மீனுக்குள் சீஸ் வைக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் முகம் சுளித்தார். மீனும் பாலும் சேரக்கூடாது என்றார், இந்தியில். வீட்டுக்காரம்மாவுக்கும் அதே சந்தேகம். "மீனுக்குள்ள பால்சாமானை வைக்கிறதா? தேமல் வந்துரும்னு எங்க அப்பத்தா சொல்லும்."

இந்த நம்பிக்கை மிகப் பழையது. மீனையும் பாலையும் சேர்த்து உண்பது விரோத உணவு என்று சரக சம்ஹிதை வகைப்படுத்தியிருக்கிறது. இத்தாலியர்களும் பொதுவாக மீனில் சீஸ் தூவுவதில்லை. ஆனால் விதி இருக்கும் இடத்தில் விலக்கும் இருக்கிறது. அதே இத்தாலியின் சிசிலித் தீவில், மெசினா நகரத்தார் வாள்மீன் சதையை மெல்லிசாகச் சீவி, உள்ளே ரொட்டித்தூளும் சீஸும் வைத்துச் சுருட்டிச் சுடுகிறார்கள். மகன் அவ்வளவு தூரம் போகவில்லை. "மாஷி, உங்க வீட்டு தோய் மாச் மட்டும் என்ன?" என்று கேட்டான். தயிரில் வேகும் மீன் குழம்பு அது. வங்காளிக் கல்யாணங்களில் பரிமாறுவது. மாஷி சிரித்துவிட்டார். தயிர் வேறு, பால் வேறு என்று முணுமுணுத்தாலும் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

சீஸ் கப்பலில் வந்த பதப்படுத்தப்பட்ட கட்டி. நகரத்துக் கடையிலிருந்து வாங்கி, பிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்தார்கள். மாஷி, வீட்டில் பால் திரித்துச் செய்த சானா போதாதா என்று கேட்டார். போதாது. சானாவும் பன்னீரும் எலுமிச்சைச் சாறு போன்ற அமிலத்தால், சூட்டில் திரிக்கப்படுபவை. கல்லில் போட்டால் சிவக்குமே தவிர உருகாது. உறைநொதி சேர்த்துச் செய்யும் சீஸ் உருகும். அதையே பதப்படுத்தும்போது சிட்ரேட் போன்ற உப்புகள் சேர்ப்பதால், உருகினாலும் எண்ணெய் தனியாகப் பிரியாமல் குழைவாக நிற்கும். வெட்டும்போது உள்ளிருந்து வழிய வேண்டும் என்றால் இதுதான் தோது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நாற்பது கிராம் போலச் சீஸைத் துருவி, தோட்டத்து மிளகை இடித்துப் போட்டு, நறுக்கிய பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்து, விரல்நீளக் கட்டியாகப் பிடித்து, இருபது நிமிடம் பிரீசரில் வைத்தான். சீஸ் கெட்டியாக இருந்தால் மீன் வேகும்வரை தாக்குப்பிடிக்கும் என்பது கணக்கு. துண்டின் பக்கவாட்டில் மெல்லிய கத்தியைச் செருகி, மற்ற மூன்று பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் விளிம்பு விட்டு, உள்ளே ஒரு பை போலக் கிழித்தான். வாய் சிறியதாகவும் வயிறு பெரியதாகவும் இருக்க வேண்டும். சீஸ் கட்டியை உள்ளே தள்ளி, வாயைத் தைக்க வேண்டிய கட்டம். வீடியோவில் பல்குத்தும் குச்சி காட்டினார்கள். அம்மா எழுந்துபோய்த் தென்னந்துடைப்பத்துக்காகச் சீவிவைத்திருந்த புது ஈர்க்குகளில் இரண்டை ஒடித்து, தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்தார். நனைத்தால் கருகாது.

சட்டி? வீடியோவில் இருந்தது வார்ப்பிரும்புச் சட்டி. இங்கே இருபது வருஷமாக எண்ணெய் குடித்துக் கறுத்துப் பளபளக்கும் இரும்புத் தோசைக்கல். இரண்டும் ஒன்றுதான். சூட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு, குளிர்ந்த பொருள் மேலே விழுந்தாலும் சட்டென்று ஆறிவிடாத கனம்தான் முக்கியம். தமிழ்நாட்டில் எந்தச் சமையலறையிலும் இருக்கிற இந்தக் கல்லை விட்டுவிட்டு ஸ்டேக்குக்கென்று தனிச்சட்டி தேட வேண்டியதே இல்லை.

கல் காய்வதற்குள் மீனைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் போக்கினான். இந்த ஒரு காரியத்தில்தான் வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். மேலே ஈரம் இருந்தால் கல்லின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். தண்ணீர் உள்ளவரை அந்த மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. மீன் வேகும், வெளுக்கும், சிவக்காது. சிவப்பதற்குச் சுமார் 140 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் புரதமும் சர்க்கரையும் கலந்து பழுப்பு நிறமும் நூறுவிதமான வாசனைகளும் உண்டாகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி-கமில் மயார் பெயரால்தான் அந்த வினை அழைக்கப்படுகிறது. தோசையின் முறுகலும் வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் அதே குடும்பம்.

இப்படி வாட்டுவதால் இறைச்சியின் மேல் ஒரு மூடி உண்டாகி உள்ளிருக்கும் சாறு வெளியேறாமல் தடுக்கிறது என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுக்க உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பிய கருத்து இது. ஹெரால்ட் மெக்கீ 1984இல் எழுதிய நூல் இது தவறு என்று காட்டியது. வாட்டிய துண்டிலிருந்தும் சாறு வடியத்தான் செய்கிறது. கல்லில் கேட்கும் அந்தச் 'சொய்' சத்தமே சாறு வெளியேறும் சத்தம்தான். வாட்டுவது ருசிக்காக மட்டுமே.

எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் மீன்மேல் தடவி, உப்பு தூவி, லேசாகப் புகை எழும்பும்போது போட்டான். இரண்டு நிமிடம் யாரும் தொடவில்லை. மகன் கரண்டியை எடுத்தபோது அம்மா கையைத் தட்டிவிட்டார். "தோசை மாதிரிதாண்டா. வெந்தா அதுவே கல்லை விடும்." அப்படியே விட்டது. திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். ஓரங்களையும் நிறுத்திவைத்து வாட்டினான். பிறகு தீயைக் குறைத்து, மூடி போட்டு நான்கைந்து நிமிடம்.

சூரையை உள்ளே பச்சையாக விட்டுச் சாப்பிடுவதுதான் நாகரிகம் என்று ஓட்டல்களில் சொல்வார்கள். திணித்த துண்டுக்கு அது பொருந்தாது. முழுத்துண்டின் உட்பகுதியை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். கத்தி நுழைந்து, கைப்பட்ட கலவையும் உள்ளே போன பிறகு அது வெளிப்பரப்புக்குச் சமம். திணிப்புள்ள இறைச்சிக்கும் மீனுக்கும் நடுப்பகுதி 74 டிகிரி வரை சூடேற வேண்டும் என்பது அமெரிக்க அரசுத் துறைகளின் அறிவுரை. முழுக்க வெந்த சூரை வறண்டுபோகும் என்ற குறையை உள்ளிருக்கும் சீஸ் ஈடுகட்டுகிறது. அந்த வகையில், ஆடம்பரமாகத் தெரிந்த சீஸ் இந்த மீனுக்கு அவசியமாகவே ஆகிவிட்டது.

ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினார்கள். வெளியே கருஞ்சிவப்பு முறுகல், உள்ளே வெளிர்நிறச் சதை, நடுவில் மிளகும் பச்சைமிளகாயும் மிதக்கும் மஞ்சள் குழம்பு. எலுமிச்சை பிழிந்து, சோற்றோடுதான் சாப்பிட்டோம். மாஷி ஒரு துண்டு வாயில் போட்டு, மெதுவாக மென்று, அடுத்த தடவை கடுகு அரைத்துப் போடு என்றார். பாராட்டு என்றே அதை எடுத்துக்கொண்டார்கள்.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவனுக்கு இந்தச் சமையலில் இன்னொரு சுவாரஸ்யம். இந்த வாட்டலுக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு வினைச்சொல் இருக்கிறது. தமிழில் அதற்குச் சரியான சொல் என்ன? வறுத்தல் இல்லை, பொரித்தல் இல்லை, வதக்கலும் இல்லை. அந்த அம்மா முழுநேரமும் 'வாட்டு' என்றார், 'முறுக விடு' என்றார். இரண்டையும் சேர்த்தால் கிடைத்துவிடுகிறது. கனமான துண்டைத் தீயில் சுட்டுத் தின்பதும் தமிழனுக்குப் புதிதில்லை. கரிகாலன் விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படையில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறியை, சூடு பொறுக்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்ற பொருநன் வருகிறான். இரவும் பகலும் தின்றதில் அவன் பல்லே மழுங்கிப்போகிறது. ஸ்டேக் என்ற சொல்லின் பழைய பொருளை அவன் புரிந்துகொண்டிருப்பான். குழம்புக்குப் பழகிய நாம்தான் அதை அந்நியமாகப் பார்க்கிறோம்.

ஆனால் சௌல்தாரியில் ஒரு வேளைச் சாப்பாட்டை உற்றுப் பார்த்தால் வேறொரு கணக்கு கண்ணில் படும். சீஸ் கப்பலில் வந்தது. காஸ் கப்பலில் வந்தது. பிரிட்ஜ் ஓடுவதற்கான மின்சாரத்தின் பெரும்பகுதி டீசலில் உற்பத்தியாகிறது, அந்த டீசலும் கப்பலில் வந்தது. தட்டில் இருந்த அரிசியும் அப்படித்தான். புயல் எச்சரிக்கை வந்து கப்பல் தாமதமானால் முதலில் வெங்காயம் விலை ஏறும், பிறகு உருளைக்கிழங்கு. இதை அந்த அம்மா குறையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதைப் போலச் சொன்னார்.

அரிசி எப்போதும் இந்த அளவுக்கு வெளியிலிருந்தே வந்ததில்லை. தென் அந்தமானின் பள்ளத்தாக்குகளில் குடியேறிகள் நெல் விளைவித்தார்கள். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தென் அந்தமான் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி வந்து திரும்பிப் போனது, ஆனால் தாழ்ந்த நிலத்திலிருந்து கடல் திரும்பிப் போகவில்லை. சிப்பிகாட்டில் வயல்களாக இருந்த இடம் அதன்பின் உப்புநீர்ப் பரப்பானது. பட்டுப்போன மரங்களுக்கு நடுவே கொக்குகள் நின்றன, சதுப்புச் செடிகள் முளைத்தன. பறவை பார்ப்பவர்களுக்கு அழகான காட்சி. உழுதவர்களுக்கு அது ஒரு நெல்வயல்.

கப்பல் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை இந்தத் தீவு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1942 மார்ச்சிலிருந்து ஜப்பானியர் வசம் இருந்த அந்தமானுக்கு, போரின் கடைசிக் கட்டத்தில் நேசநாட்டு முற்றுகையால் உணவு வருவது அற்றுப்போனது. மக்கள் கட்டாயமாக நிலம் திருத்தவும் பயிரிடவும் விரட்டப்பட்டார்கள். 1945 ஆகஸ்டில், உணவு போதாத நிலையில், வேலைக்குப் பயன்படமாட்டார்கள் என்று ராணுவம் முடிவுகட்டிய நூற்றுக்கணக்கானவர்களைப் படகுகளில் ஏற்றிக்கொண்டுபோய் ஹேவ்லாக் தீவுக்கருகே கடலில் தள்ளினார்கள். கரை சேர்ந்தவர்களிலும் மிகப் பலர் பட்டினியில் செத்தார்கள். இன்று அந்தத் தீவின் வெள்ளை மணலில்தான் வெளிநாட்டுப் பயணிகள் ஸ்டேக் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

இதே மண்ணில் கப்பலைப் பற்றிக் கவலைப்படாமல் பல்லாயிரம் ஆண்டுகள் உண்டு வாழ்ந்தவர்களும் உண்டு. ஜாரவாக்களும் ஓங்கிகளும் காட்டுப்பன்றி, மீன், தேன், கிழங்கு என்று காட்டையும் கடலையும் நம்பி வாழ்ந்தார்கள். அந்த வாழ்க்கைக்கு மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட மக்களால் திரும்ப முடியாது. திரும்ப முயன்றால் மிஞ்சியிருக்கும் காடும் அவர்களும் மிஞ்சமாட்டார்கள்.

ஆனால் கடல் இருக்கிறது. அந்தமான் நிகோபாரைச் சுற்றிச் சுமார் ஆறு லட்சம் சதுர கி.மீ. பரப்பு இந்தியாவின் தனிப் பொருளாதார மண்டலம். நாட்டின் மொத்த மண்டலத்தில் இது கால்பங்குக்கும் மேல். ஆண்டுக்கு 1.48 லட்சம் டன் மீன் பிடிக்கலாம் என்பது அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் மதிப்பீடு. அதில் பெரும் பங்கு சூரை வகைகள். பிடிபடுவது பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆழ்கடல் படகு, ஐஸ், குளிர்பதனக் கிடங்கு, சந்தைக்குக் கொண்டுபோகும் வசதி எல்லாமே பற்றாக்குறை. 2024 நவம்பரில் மத்திய மீன்வளத்துறை ஸ்வராஜ் த்வீப்பில் முதலீட்டாளர்களைக் கூட்டி, இந்தத் தீவுகளைச் சூரை மீன்தொழில் மையமாக்குவது பற்றிப் பேசியது. பேச்சு பெரும்பாலும் ஏற்றுமதி பற்றியது. டோக்கியோவிலும் ஐரோப்பாவிலும் நல்ல விலை போகிற மீன் அது. ஆகவே பேசத்தான் செய்வார்கள்.

அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய ஒரு பெயர் சௌல்தாரியில் இருக்கிறது. ஐஸ் பெட்டியும் தடையில்லாத மின்சாரமும் சிறு கடன் ஒன்றும் கிடைத்தால், கேரையை ஏற்றுமதிக்கு முன்பே இங்கேயே விலைபோக வைக்கத் தெரிந்த பையன்கள் தீவு முழுக்க இருக்கிறார்கள். சீஸ் கப்பலில் வரட்டும், பரவாயில்லை. தட்டில் இருக்கும் பெரிய துண்டு தீவுடையதாக இருந்தால் போதும். அந்த வீட்டு மகன் வரப்போகும் கடைக்கு எழுதிவைத்திருக்கும் விலைப்பட்டியலை எனக்குக் காட்டினான். ஸ்டேக் என்ற சொல்லை அடித்துவிட்டு, 'கல்லில் வாட்டிய கேரை' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தான். சீஸ் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'கப்பல் வந்தால்' என்று இருந்தது.